சிதிபதி எங்கே பார்த்தது?

"இது எங்க பாக்குது?"

"முட்டைங்களை, சார்."

"யாரு சொன்னா?"

அருங்காட்சியகச் சுவரோவியத்துக்கான பென்சில் வரைவை நடுவில் வைத்துக்கொண்டு நானும் தொல்லுயிரியல் ஆலோசகரும் பேசியதில் இந்த மூன்று வரிகள்தான் இன்னும் என்னை விடவில்லை. யாரும் குரலை உயர்த்தவில்லை. மனத்தாங்கலும் இல்லை. அவர் சொன்னபடி கழுத்தை நிமிர்த்தி, பார்வையை வெளியே திருப்பி வரைந்து கொடுத்தேன். படம் சுவரில் ஏறிவிட்டது. செய்தது சரி என்று ஒரு நாள் தோன்றுகிறது, மறுநாள் அப்படித் தோன்றுவதில்லை.

விலங்கு சிதிபதி என்ற டைனோசர். ஓவிராப்டர் குடும்பம். மங்கோலியாவின் உக்கா தோல்கோத்தில் கூட்டின்மேல் உட்கார்ந்த நிலையிலேயே மண்ணுக்குள் போய், 1995-இல் தொல்லுயிரியலாளர் மார்க் நொரெல் குழுவினர் அறிவித்தார்களே, அந்த எலும்புக்கூட்டை வைத்துத்தான் வரைந்தேன். முட்டைகள் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நடுவில் விட்ட இடத்தில் கால்களை மடக்கி உடல் அமர்ந்திருக்கிறது. இரண்டு கைகளும் வட்டத்தின்மேல் விரிந்து கிடக்கின்றன. அடைகாக்கும் பறவையின் இருப்பு அப்படியே எலும்பில் பதிந்திருக்கிறது. அதை முதன்முதலில் படத்தில் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் மண் அரிப்பில் மேற்பகுதி போய்விட்டது. கைகள் இருக்கின்றன, கால்கள் இருக்கின்றன, முட்டைகள் இருக்கின்றன. தலை இல்லை.

தலையின் வடிவத்தில் சிக்கல் எதுவும் இல்லை. இதே இனத்தின் வேறொரு எலும்புக்கூட்டில் மண்டையோடு கிடைத்திருக்கிறது: பல்லில்லாத குட்டை அலகு, மேலே கொண்டை. கழுத்தெலும்பு மூட்டுகளைப் பார்த்து எவ்வளவு வளையும் என்று மதிப்பிடலாம். கண்குழிக்குள் இருக்கும் எலும்பு வளையம் கண்ணின் அளவைச் சொல்லும். அந்தக் கண் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதைச் சொல்ல ஓர் எலும்பும் கிடையாது. குனிந்து முட்டைகளைப் பார்த்திருக்கலாம், நிமிர்ந்து தூரத்தைப் பார்த்திருக்கலாம். தலையைப் பின்னால் திருப்பிச் செருகிக்கொண்டு தூங்கிக்கொண்டுகூட இருந்திருக்கலாம். சீனாவில் கிடைத்து 2004-இல் விவரிக்கப்பட்ட மெய் லாங் என்ற சிறு டைனோசர் அப்படிச் சுருண்டு தூங்கிய நிலையில்தான் கல்லாகியிருக்கிறது.

"நேரா பாக்குதுன்னு வரைஞ்சாலும் அதுவும் நாமளா சொல்றதுதானே, சார்? தலையை எங்கயாவது வெச்சுத்தானே ஆகணும்?" என்றேன்.

"ஆகணும். ஆனா குனிஞ்சு முட்டையைப் பாத்தா அது ஒரு கதை. நேரா பாத்தா அவ்வளவு கதை இல்ல."

எனக்கு அன்று அது நியாயமாகப் படவில்லை. அந்தப் படத்தில் ஆதாரமில்லாமல் நான் சேர்த்தவை எத்தனையோ இருந்தன. சிதிபதியின் இறகு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. கைகளில் நீண்ட இறகுகளை நான் வரைந்தது, 1998-இல் விவரிக்கப்பட்ட கௌடிப்டெரிக்ஸ் போன்ற உறவினங்களில் இறகு பதிந்திருப்பதாலும், கைகள் விரிந்திருக்கும் விதம் முட்டைகளை மூடுவதற்கு ஏற்றதாக இருப்பதாலும். அது நல்ல ஊகம், அவரும் ஒப்புக்கொண்டார். நிறம்? சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற டைனோசரின் வாலில் செம்பட்டையும் வெளுப்பும் மாறிமாறி வரும் என்று 2010-இல் சொன்னார்கள் என்றால், இறகில் நிறமிப் பைகளின் வடிவம் மிஞ்சியிருந்ததால் சொல்ல முடிந்தது. சிதிபதிக்கு அந்த வசதியே இல்லை. நான் பூசிய மண்ணின் சிவப்பு முழுக்க முழுக்க என்னுடையது. வேடிக்கை என்னவென்றால் முட்டையின் நீலப்பச்சைக்கு ஓரளவு பிடிமானம் உண்டு. ஹெயுவானியா என்ற உறவினத்தின் முட்டையோட்டில் அந்த நிறமிகள் இருந்ததை 2017-இல் காட்டிவிட்டார்கள். முட்டைக்கு இருக்கும் ஆதாரம் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு இல்லை. அந்தச் சிவப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்வையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

ஏன் என்பதற்கு அவர் சொன்ன காரணம் எனக்கு நாள் போகப் போகத்தான் உறைத்தது. "1924-லயும் இதே வேலையைத்தான் செஞ்சாங்க" என்றார்.

கதை இந்தத் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். 1923-இல் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸின் பயணக்குழு கோபிப் பாலைவனத்தில் ஒரு முட்டைக் குவியலின் மேலேயே ஒரு விலங்கின் எலும்புகளைக் கண்டது. முட்டைகள் புரோட்டோசெராடாப்ஸ் என்ற வேறொரு டைனோசருடையவை என்று முடிவு செய்தார்கள். அப்படியானால் மேலே கிடப்பது திருட வந்தது. மறுவருடம் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பர்ன் அதற்கு முட்டைத் திருடன் என்ற பொருளில் ஓவிராப்டர் என்று பெயர் வைத்தார். இந்தப் பெயர் அதன் உணவுப் பழக்கத்தைப் பற்றித் தவறான எண்ணம் தரக்கூடும் என்று அவரே எச்சரித்தும் வைத்தார். எச்சரிக்கையை யார் நினைவில் வைத்தார்கள்? 1993-இல் உக்கா தோல்கோத்தில் அதே வகை முட்டைக்குள் ஓவிராப்டர் இனக் கரு கிடைக்கும்வரை, ஏறக்குறைய 70 ஆண்டுகள், ஓவியர்கள் அதை வாயில் முட்டையோடு வரைந்துகொண்டிருந்தார்கள்.

"திருடன்னு சொன்னவங்களும் எலும்பு கிடந்த இடத்தைப் பாத்துத்தான் சொன்னாங்க. பாசம்னு சொல்ற நாமளும் அதே இடத்தைப் பாத்துத்தான் சொல்றோம்" என்றார் அவர்.

இரண்டும் ஒன்றல்ல என்று இப்போதும் வாதாடுவேன். அன்றைய முடிவு முட்டை யாருடையது என்பதையே தவறாகப் பிடித்த முடிவு. இன்று நம்மிடம் கரு இருக்கிறது. சீனாவின் கான்சோ பகுதியில் கிடைத்த இன்னொரு ஓவிராப்டர் இன எலும்புக்கூட்டின் அடியில் உள்ள முட்டைகளில் பொரியும் தறுவாயை நெருங்கிய கருக்களே இருக்கின்றன. முட்டையிட வந்த இடத்தில் செத்துப்போனது என்று இனி அதைத் தள்ளிவிட முடியாது. அது நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. அடைகாத்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அடைகாத்தது சரி, பார்த்ததா என்பதுதான் அவர் கேள்வி. அங்கே என் வாதம் நின்றுவிடுகிறது. முட்டைகளைச் சூடாக வைத்திருக்க அவற்றைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. அத்துடன், குனிந்த தலையோடு இருந்த வரைவைப் பார்த்த எங்கள் அலுவலகத்தார் எல்லோரும் சொல்லிவைத்ததுபோல் "அம்மா" என்றார்கள். உட்கார்ந்தது அப்பாவாக இருக்கலாம் என்று 2008-இல் ஆய்வாளர் வாரிச்சியோவும் மற்றவர்களும் எலும்புத் திசுவையும் முட்டைகளின் மொத்தக் கனஅளவையும் வைத்து எழுதினார்கள். அதை மறுத்தவர்களும் உண்டு. படத்தின் எந்த மூலையிலும் நான் தாய் என்று எழுதவில்லை. கழுத்தின் ஒரு வளைவே அதைச் சொல்லிவிட்டது.

படம் திறந்த பிறகு ஒருநாள் காட்சிக்கூடத்தில் நின்றிருந்தேன். சுவருக்கு முன்னால் ஒரு பையன் தன் நண்பனிடம், "முட்டையைத் திருடிட்டு, யாராவது வர்றாங்களான்னு பாக்குது" என்றான். எனக்குச் சுரீர் என்றது. கதை சொல்லாது என்று அவர் நம்பிய அந்த நேர்ப்பார்வை பழைய பழியையே திரும்பச் சொல்கிறதே! குனிந்த தலையோடு விட்டிருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்குமா என்று வீடு போகும்வரை மனதுக்குள் அவரோடு சண்டை போட்டேன்.

இருந்தாலும் ஒரு பையனின் பேச்சு எதற்கும் சான்றாகாது. அவன் ஏதாவது பழைய புத்தகத்தில் படித்துவிட்டு வந்திருக்கலாம். அலகு முட்டைக்கு நேர்மேலே இருந்தால் கொத்தித் தின்னப்போகிறது என்று சொல்ல இன்னொரு பையன் வரமாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

நாங்கள் இருவருமே அன்று பேசாமல் விட்ட ஒன்று இப்போது அதிகம் உறுத்துகிறது. அந்த எலும்புக்கூடு காட்டுவது ஒரு சாதாரண நாளை அல்ல, கடைசி நாளை. உக்கா தோல்கோத்தில் புதைந்த விலங்குகள் பலவும், மழையில் ஊறிய மணல்மேடு சரிந்து மூடியதால் செத்தவை என்பது ஒரு வலுவான விளக்கம். அப்படியென்றால் அந்தத் தலை சரிந்து வரும் மணலைப் பார்த்திருக்கலாம். அவர் சொன்ன வெளிநோக்கிய பார்வை அவர் நினைக்காத காரணத்தால் சரியாக இருந்திருக்கலாம். நான் வரைந்ததோ வெயிலும் நிழலும் விழும் அமைதியான ஒரு காலைப்பொழுது. அது எழுந்து ஓடவில்லை என்பது மட்டும்தான் கல்லில் இருக்கிறது. ஓட நேரமில்லையா, மனமில்லையா? இரண்டாவதைத்தான் நம்ப விரும்புகிறேன். அந்த விருப்பம் என் தூரிகையில் இறங்கலாமா என்பதற்கு இந்த வேலையில் இத்தனை காலம் இருந்தும் என்னிடம் உறுதியான பதில் இல்லை.

வேறொரு காட்சிக்கூடம் இதே விலங்கைக் கேட்டிருக்கிறது, ஆலோசகரும் இவரேதான். கிடைத்த எலும்புகளுக்கு உரிய பகுதிகளை முழு வண்ணத்தில் தீட்டி, தலையையும் கழுத்தையும் வெறும் கோட்டில் விடலாமா என்று கேட்டேன். "நேர்மையா இருக்கும். ஆனா வர்றவங்க முதல்ல கண்ணைத்தான் தேடுவாங்க" என்றார். குனிந்த தலையோடு ஒன்றும் கோட்டுத் தலையோடு ஒன்றுமாக இரண்டு வரைவுகளை அனுப்பியிருக்கிறேன். உங்கள் விருப்பம் எது என்று கேட்டு எழுதியிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை.