பேஸ் நிற்கும் இடம்

ஒரு வாரமாக ராத்திரியில் ஆம்ப்ளிஃபயர் போடாமல், பேஸ் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு ஒரே பாட்டைப் பழகுகிறேன். அமெரிக்க ராக் குழுவான ஃபுகாஸியின் 'வெயிட்டிங் ரூம்'. ஜோ லாலியின் பேஸ்தான் பாட்டைத் தொடங்கி வைக்கும். மற்றவர்கள் வந்து சேர்ந்து, சூடு பிடித்து, அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. எல்லாரும் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். ஒரு சத்தம் இருக்காது. அப்புறம் எல்லாரும் ஒன்றாக உள்ளே வருவார்கள்.

அந்த இடத்தை வாசித்துப் பார்த்தால்தான் தெரிகிறது, மௌனத்துக்கும் கை வேலை இருக்கிறது. மீட்டுவதை விட்டால் மட்டும் போதாது, பேஸ் கம்பி தடிமனானது, தானாகவே அதிர்ந்துகொண்டிருக்கும். இடது கை விரல்கள் நான்கையும் கம்பிகள்மேல் லேசாகப் படுக்க வைக்க வேண்டும். அழுத்தினால் வேறொரு சுரம் கேட்டுவிடும். கையை அப்படியே வைத்துக்கொண்டு மனசுக்குள் தாளம் எண்ண வேண்டும். நான் இன்னும் கொஞ்சம் முந்தித்தான் உள்ளே வருகிறேன்.

வாஷிங்டன் டி.சி.யில் 1987-இல் முதல் கச்சேரி செய்த இசைக்குழு ஃபுகாஸி. ஹார்ட்கோர் என்ற அதிவேக பங்க் ராக்கிலிருந்து கிளைத்த போஸ்ட்-ஹார்ட்கோர் என்றதும் எல்லோரும் சொல்லும் முதல் பெயர்களில் ஒன்று. பாடி, கிட்டார் வாசிக்கும் இயன் மெக்காய் அதற்கு முன்னால் மைனர் த்ரெட் என்ற ஹார்ட்கோர் குழுவில் பாடியவர். இன்னொரு பாடகர் கீ பிச்சோட்டோவும் ட்ரம்மர் பிரெண்டன் கேன்டியும் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்ற குழுவில் இருந்தவர்கள். இந்த வம்சாவளியை எல்லாரும் எழுதிவிட்டார்கள். அதனால் ஹார்ட்கோர் பங்க்கின் வேகத்தைத்தான் இவர்களுடைய வேர் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது.

மெக்காய் இந்தக் குழுவை யோசித்தபோதே, ஸ்டூஜஸ் என்ற பழைய ராக் குழுவின் முரட்டுத்தனமும் ஜமைக்காவின் ரெக்கே இசையும் சேர்ந்த ஒன்றைத்தான் மனதில் வைத்திருந்தார். அதே ஊர்க்காரர்களான பேட் பிரெயின்ஸ் குழுவினர் ஒரே மேடையில் அதிவேக பங்க்கும் ரெக்கேயும் வாசித்தவர்கள். அவர்களைப் பார்த்து வளர்ந்த பையன்கள் இவர்கள். ரெக்கேயிலிருந்து பிறந்தது டப். 1970-களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் கிங் டபி மாதிரியான ஒலிப்பதிவாளர்கள் பாட்டிலிருந்து குரலை எடுத்துவிடுவார்கள், கிட்டாரை எடுத்துவிடுவார்கள், பேஸும் ட்ரம்ஸும் மட்டும் மிஞ்சும். எதை எடுத்தால் எது பெரிதாகக் கேட்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. 'வெயிட்டிங் ரூம்' மௌனத்தில் என் காதுக்குக் கேட்பது அந்தப் பாடம்தான். ஹார்ட்கோர் குழுக்களும் நிறுத்தி நிறுத்தி வாசிப்பார்கள், ஆனால் மூச்சு வாங்கும் நேரம்கூட விடமாட்டார்கள்.

டி.சி.க்கே சொந்தமான கோ-கோ இசையையும் விட்டுவிட முடியாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் வரை தாளவாத்தியங்கள் ஓயாமல் ஆட வைக்கும் ஃபங்க் அது. மைனர் த்ரெட்டின் கடைசிக் கச்சேரி 1983-இல் கோ-கோ குழுவான டிரபிள் ஃபங்க்குடன் ஒரே மேடையில் நடந்தது. கேன்டியின் தாளத்தில் இடுப்பை அசைக்க வைக்கும் ஒன்று இருக்கிறதே, அது எந்தக் காற்றில் வளர்ந்தது என்று இதை வைத்தே யூகிக்கலாம். ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் அவர் ஒரு பெரிய மணியை வேறு தொங்கவிட்டிருப்பார்.

பிச்சோட்டோ ஆரம்பத்தில் கிட்டாரே வாசிக்கவில்லை. மெக்காய் பாடும்போது இடையில் புகுந்து எதிர்க்குரல் கொடுத்தார். ஹிப்-ஹாப்பில் முக்கியப் பாடகருக்குத் துணையாக இன்னொருவர் குறுக்கே பேசுவாரே, அந்த வேலை.

2002 வரை ஆயிரத்துக்கும் மேல் கச்சேரிகள். டிக்கெட்டைப் பெரும்பாலும் 5 டாலருக்கு மேல் ஏற்றவில்லை, எந்த வயதுக்காரரும் வரலாம். கூட்டத்தில் ஒருவன் மற்றவர்களை இடித்துத் தள்ளினால் பாட்டை நிறுத்தி, 5 டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். எண்ணூறுக்கும் அதிகமான கச்சேரிகளின் ஒலிப்பதிவு இருக்கிறது. 2011 முதல் அவற்றை வரிசையாக வெளியிட்டார்கள்.

நான் அவற்றில் அந்த ஓர் இடத்தைத்தான் தேடித் தேடிக் கேட்கிறேன். ஸ்டுடியோ பதிவில் எதுவும் கேட்காத இடத்தில், இங்கே கூட்டம் கத்துகிறது. அந்தச் சத்தத்துக்குள்ளும் குழுவினர் எண்ணிக்கொண்டு நிற்கிறார்கள். சரியாக வந்து இறங்குகிறார்கள்.