ஹவுஸ் ஓனரம்மா நடத்திய டாங்கோ வகுப்பு

வேலூர் சத்துவாச்சாரியில மாடி போர்ஷன்ல இருக்கற ஒரு புருஷன் பொண்டாட்டி, ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் சோபாவை ஓரம் தள்ளிட்டு அர்ஜென்டினா டாங்கோ பழகுறாங்க. ஒன்பதரைக்குக் கதவைத் தட்டினாங்க கீழ் வீட்டு ஹவுஸ் ஓனரம்மா.

"இன்னாம்மா, இந்நேரத்துல உரல்ல மாவு இடிச்சிகினு கீறீங்களா?"

அந்தம்மாவுக்கு டாங்கோ தெரியாது. ஆனா நோயைச் சரியாப் பிடிச்சிட்டாங்க. 'தொம்'னு கேட்டா, உடம்பு கால் மேல தொப்புனு விழுதுன்னு அர்த்தம்.

டாங்கோவுக்கு அஸ்திவாரமே நடைதான். நிக்கிற காலோட முட்டியை லேசாத் தளர்த்தி, அந்தக் காலால தரையைத் தள்ளணும். இன்னொரு கால் இடுப்புலேர்ந்து நீண்டுபோய்த் தரையைத் தொட்டப்புறம்தான் எடை மெல்ல அது மேல ஏறணும். முட்டியை மடக்கித் தூக்கி வச்சா கீழ் வீட்டுல சுண்ணாம்பு உதிரும். பின்பக்கமா நடக்குறவங்களுக்கு முதல்ல விரல் பக்கம் தொடணும், குதிகால் கடைசியில. ஒவ்வொரு அடிக்கும் அப்புறம் கணுக்காலைச் சேர்த்து, ஒத்தக் கால்ல ரெண்டு நொடி ஆடாம நிக்க முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா மத்த வித்தையெல்லாம் அப்புறம்.

ஓனரம்மா கீழ போகலை. சோபாவுல உக்காந்துட்டாங்க. "ஏன் தம்பி, அது கைய இன்னாத்துக்கு இப்டி இழுத்துகினே கீற?"

முக்காவாசி ஜோடிங்க மாட்டிக்கிறது இங்கதான். 'திரும்பு'ன்னு சொல்ல வேண்டியது நெஞ்சு. கை சும்மா கூட வந்தாப் போதும். ஒரு ஏ4 தாளை ரெண்டு பேர் நெஞ்சுக்கும் நடுவுல வச்சு, கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு ஹால் முழுக்க நடங்க. தாள் எப்ப விழுதுன்னு கவனிங்க. பெரும்பாலும் புருஷன் குனிஞ்சு காலைப் பார்க்கும்போதுதான் விழும். தலை மட்டும் நாலஞ்சு கிலோ. அது முன்னால சாய்ஞ்சா நெஞ்சு உள்ள போயிடும், பொண்டாட்டிக்கு ஒரு சேதியும் போகாது. அப்புறம் மிதிக்கத்தான் செய்வாரு.

பொண்டாட்டி பக்கம் வேற கூத்து.

"ஏங்க, இப்ப கிராஸ்தானே?"

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையேம்மா!"

டாங்கோவோட அடிப்படை எட்டடிப் பாடத்துல அஞ்சாவது எண்ணிக்கைக்குப் பொண்டாட்டியோட இடது கால் வலது காலுக்கு முன்னால குறுக்க வரும், அதான் கிராஸ். அது மனப்பாடம் ஆயிட்டா கால் தானாப் போய் நிக்கும். மருந்து புருஷன் கையில: நாலாவது அடியிலயே நிறுத்திடணும், நின்ன இடத்துலயே எடையை மாத்தணும், ஒரு தரம் பின்னால வரணும். ஊகிக்க வழியில்லாமப் போனா காத்திருக்கப் பழகிடுவாங்க. தரையில எட்டு வடிவத்துல திரும்புற 'ஓச்சோ'வுக்கும் இதே கதைதான். எடை முழுசா ஒரு கால்ல இறங்கி, மேலுடம்பு திரும்பி, இடுப்பு பின்னாலயே வந்து சேரணும். எடை நடுவுல தொங்கும்போது திருப்பினா முறுக்குறது முட்டிதான்.

மொட்டைமாடி சிமென்ட் தரையில ரப்பர் செருப்போட சுழலாதீங்க, அதுவும் முட்டிக்கு ஆகாது. மொசைக் நல்லது. ஆம்பூர், ராணிப்பேட்டைன்னு சுத்திலும் தோல் தொழிலை வச்சிக்கிட்டு டாங்கோ ஷூவை ஆன்லைன்ல தேடுறது அநியாயம். பழைய ஷூவோட அடியில ஸ்வேட் தோல் ஒட்டித்தரச் சொல்லுங்க, சொரசொரப்பான பக்கம் தரையைப் பார்க்கணும். அது அழுந்திப்போனா கம்பி பிரஷ்ல தேய்ச்சாச் சரியாயிடும்.

பாட்டு? டாங்கோ இசைக்குழு நடத்தினவங்கள்ல, நடைக்கு கார்லோஸ் டி சார்லி. ஹுவான் டாரியன்சோ வேகம், கொஞ்சம் பழகினப்புறம். ஒஸ்வால்டோ புக்லியேசேவை இப்போதைக்குக் கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க.

அக்னி நட்சத்திரத்துல புருஷனோட வலது உள்ளங்கை முதுகுல வழுக்கும். வழுக்குதேன்னு இறுக்கினா பொண்டாட்டியால திரும்பவே முடியாது. துண்டு பக்கத்துலயே இருக்கட்டும். பியூனஸ் ஐரிஸ்ல மிலோங்காங்கிற டாங்கோ ஆட்டக் கூட்டத்துக்குப் போறவங்களே பையில மாத்துச் சட்டை ஒண்ணு எடுத்துட்டுப் போவாங்க. வேலூருக்கு ரெண்டு.