நாற்காலிக் காலுக்குச் சாய்வுத் துளை: இரண்டு பலகை வீணான பிறகு

முக்காலி ஒழுங்காக வந்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. வட்டப் பலகை, மூன்று கால். நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு துளைக்கும் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டின் போக்கிலேயே டிரில்லை வெளிப்பக்கம் சாய்த்துத் துளை போட்டேன். முடிந்தது. மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும் என்பதால், ஒன்றிரண்டு டிகிரி பிசகியிருந்தாலும் அது வெளியே தெரியவில்லை.

அந்தத் தெம்பில் நாற்காலிக்குத் தாவினேன். கெட்டியான இருக்கைப் பலகை, அதில் நேரடியாகச் செருகி நிற்கும் நான்கு கால்கள், சட்டம் எதுவும் கிடையாது. படத்தில் பார்க்க எளிமையாக இருந்தது.

சிக்கல் எங்கே என்றால், இங்கே ஒவ்வொரு காலுக்கும் இரண்டு சாய்வு. எதிரில் நின்று பார்த்தால் கால்கள் பக்கவாட்டில் விரிந்திருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தால் முன்கால் முன்னோக்கியும் பின்கால் பின்னோக்கியும் சாய்ந்திருக்கும். நாற்காலி செய்பவர்கள் முதலாவதை ஸ்ப்ளே என்றும் இரண்டாவதை ரேக் என்றும் சொல்கிறார்கள். நான் பக்கச் சாய்வு, முன்பின் சாய்வு என்று எழுதி வைத்துக்கொண்டேன். என் வரைபடத்தில் நான்கு காலுக்கும் பக்கச் சாய்வு 12 டிகிரி. முன்பின் சாய்வு முன்காலுக்கு 8, பின்காலுக்கு 20. உட்கார்ந்தவர் சாயும்போது பின்னால் விழாமல் பிடித்துக்கொள்வது பின்கால்தான், அதனால் அதற்குச் சாய்வு கூடுதல்.

சரி, டிரில்லை எவ்வளவு சாய்ப்பது? இரண்டையும் கூட்டினேன்! முன்காலுக்கு 8ம் 12ம் 20, பின்காலுக்கு 20ம் 12ம் 32. எந்தத் திசையில் சாய்ப்பது என்பதற்குப் பலகையின் மூலையைப் பார்த்து ஒரு குத்துமதிப்பு. முதல் பலகை பைன் மரம், வெறும் சோதனைக்குத்தான். நான்கு குச்சிகளைச் செருகி நிமிர்த்தி வைத்ததும் என் மகள் வந்து பார்த்தாள். "அப்பா, இது இப்பவே நடந்து போயிடும் போல இருக்கே" என்றாள். உண்மையில் சிலந்தி மாதிரிதான் நின்றது. இருக்கையின் அடிப்பாகம் தரையிலிருந்து 390 மில்லிமீட்டர் உயரம். 32 டிகிரியில் போட்ட பின்காலின் நுனி, அதன் துளையிலிருந்து கிட்டத்தட்ட கால் மீட்டர் தள்ளிப் போய்த் தரையைத் தொட்டது. போகிற வருகிற எல்லார் காலும் அதில்தான் இடறும்.

அன்று இரவு தாளையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கால் இரண்டு பக்கம் சாய்வதில்லை. ஒரே பக்கம்தான் சாய்கிறது. நாம் நிற்கும் இடம் சரியில்லாததால் அது இரண்டு சாய்வாகத் தெரிகிறது. நாற்காலியைச் சுற்றி மெல்ல நடந்து வந்தால், ஏதோ ஓர் இடத்தில் அந்தக் கால் இடமோ வலமோ சாயாமல் செங்குத்தாகத் தெரியும். அந்த இடத்திலிருந்து துளையை நோக்கிப் போகும் கோடுதான் பார்வைக் கோடு. டிரில் சாய வேண்டியது அந்தக் கோட்டின் மேல் மட்டுமே, ஒரே ஒரு கோணத்தில். முக்காலியில் நடுப்புள்ளியிலிருந்து இழுத்த கோடும் இதே பார்வைக் கோடுதான். அது தானாக அமைந்துவிட்டதால் அப்போது நான் கவனிக்கவில்லை.

கோட்டையும் கோணத்தையும் கண்டுபிடிக்க கால்குலேட்டரே வேண்டாம், ஒரு சின்ன வரைபடம் போதும். கால் 100 மில்லி கீழே இறங்கும்போது எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். 8 டிகிரிக்கு முன்னோக்கி 14.1 மில்லி, 12 டிகிரிக்குப் பக்கவாட்டில் 21.3 மில்லி. தாளில் ஒரு புள்ளி வைத்து, முன்னால் 14.1, அங்கிருந்து செங்கோணமாகப் பக்கத்தில் 21.3 என்று வரைந்து, தொடங்கிய புள்ளியையும் முடிந்த புள்ளியையும் குறுக்கே இணைத்தால் அந்தக் குறுக்குக் கோட்டின் திசையே பார்வைக் கோடு. நாற்காலியின் முன்பின் நடுக்கோட்டிலிருந்து அது 56 டிகிரிக்குச் சற்று அதிகமாக விலகியிருக்கிறது. குறுக்குக் கோட்டின் நீளம் 25.5 மில்லி. இனி 100 மில்லி உயரமும் 25.5 மில்லி அடியும் உள்ள ஒரு முக்கோணம் வரைந்து உச்சிக் கோணத்தை அளந்தால் 14 டிகிரி சொச்சம். இதுதான் உண்மைச் சாய்வு. நான் கூட்டிப் போட்ட 20 இல்லை.

பின்காலுக்கும் இதே வேலைதான். பின்னோக்கி 36.4, பக்கத்தில் 21.3, குறுக்கே 42.2. பார்வைக் கோடு நடுக்கோட்டிலிருந்து 30 டிகிரி, உண்மைச் சாய்வு 23. கால்நுனி துளையிலிருந்து 164 மில்லி தள்ளி நிற்கும். இது மனிதர்கள் உட்காரும் நாற்காலி.

டான் சூத்திரம் தெரிந்தவர்கள் இரண்டு சாய்வின் டான் மதிப்புகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அந்த டான் மதிப்புக்குரிய கோணத்தைப் பார்த்தால் இதே விடை வரும். நான் அதையும் போட்டுச் சரிபார்த்தேன். ஆனாலும் எனக்கு நம்பிக்கை தந்தது தாளில் வரைந்த கோடுதான். கம்பியை வளைத்து ஒரு சின்ன மாதிரி செய்து, கண்ணுக்குப் பிடித்த சாய்வு வந்ததும் அதிலிருந்தே கோணத்தை அளந்துகொள்பவர்களும் உண்டு. அடுத்த தடவை அப்படித்தான் செய்யப் போகிறேன்.

இரண்டாவது பலகை. இந்த முறை எல்லாக் கோடுகளையும் பலகையின் அடிப்பக்கத்தில் வரைந்தேன், துளையும் அடிப்பக்கத்திலிருந்தே. இதில் ஒரு வசதி இருக்கிறது. கவிழ்த்து வைத்த பலகையில் டிரில் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அந்தப் பக்கம்தான் கால் நிற்கும். மனதுக்குள் எதையும் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டாம். கோணம் காட்ட ஒரு பெவல் கேஜ். மூலைமட்டம் மாதிரிதான், ஆனால் நாக்கை எந்தக் கோணத்திலும் திருகி இறுக்கலாம். 14 டிகிரி சாய்வு என்றால் பலகைக்கும் நாக்குக்கும் இடையே 76 டிகிரி. அதைப் பார்வைக் கோட்டின் மேல் நிறுத்தி, டிரில் பிட்டை நாக்குக்கு இணையாகப் பிடிக்க வேண்டும்.

மூன்று துளை அருமையாக வந்தது. நான்காவதில் பெவல் கேஜை முன்பின்னாகத் திருப்பி வைத்துவிட்டேன். கோணம் சரி, கோடும் சரி, சாய்ந்தது மட்டும் உள்பக்கம். குச்சியைச் செருகியபோதுதான் பார்த்தேன். மூன்று கால் வெளியே விரிந்திருக்க, ஒன்று மட்டும் வெட்கப்பட்டு வயிற்றுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. அப்புறம் ஒவ்வொரு துளைக்கும் வெளிப்பக்கம் ஒரு பெரிய அம்புக்குறியும் "சாய்வு இந்தப் பக்கம்" என்ற எழுத்தும் போட ஆரம்பித்தேன். கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனமாகத்தான் இருக்கும். போடுங்கள்.

மூன்றாவது பலகை நிஜமான நாற்காலிக்கு. 40 மில்லி கனம், நன்றாகக் காய்ந்தது. இதில் கை நடுங்கியது உண்மை. அதனால் பார்வைக் கோட்டின் மேலான சாய்வுக்குப் பெவல் கேஜ் போதும் என்று விடாமல், இடவலம் பார்க்க இன்னொரு சாட்சியும் வைத்தேன். பார்வைக் கோட்டின் மேல், துளைக்கும் பார்ப்பவர் நிற்கும் இடத்துக்கும் நடுவே, ஒரு சின்னக் கண்ணாடியைப் பலகை மேல் படுக்க வைத்தேன். கோட்டின் நேர் எதிரில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தால், பிட்டும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமும் ஒரே நேர்கோடாகத் தெரிய வேண்டும். இடையில் முறிந்தது போல் தெரிந்தால் டிரில் பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பெவல் கேஜைப் பக்கத்திலிருந்து பார்க்க ஒரு கண், கண்ணாடியைப் பார்க்க ஒரு கண். இதற்கு நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்தால் சிரிப்பு வரும். கூட ஒருவர் நின்று ஒரு பக்கத்தைப் பார்த்துச் சொன்னால் வேலை பாதி குறையும். மகளைத்தான் நிறுத்தினேன். "உன் பக்கம் கொஞ்சம்... போதும்ப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

துளை போடுவதில் தெரிந்துகொண்ட இன்னொன்று: எடுத்த எடுப்பிலேயே சாய்த்துப் பிடித்தால் பிட்டின் முனை வழுக்கி ஓடிவிடுகிறது. நான் பயன்படுத்தியது தட்டையான ஸ்பேட் பிட், 16 மில்லி. அதன் நீண்ட நடுமுனையை முதலில் நிமிர்த்தி ஊன்றி, அது பிடித்ததும் மெல்லச் சாய்த்து, கோணம் சரியான பிறகே அகலமான பகுதி மரத்தைக் கடிக்கும்படி அழுத்தினேன். மறுபக்கம் பிட் வெளியே வரும் இடத்தில் இருக்கையின் மேல்முகம் பிய்ந்துபோகும். அதற்கு ஒரு கழிவுப் பலகையைக் கீழே வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கினேன். முதல் துளையில் இதை மறந்தேன். விரல்நகம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்தது. பசை போட்டு ஒட்டிவிட்டேன், தேடினால்தான் தெரியும்.

அப்புறம்தான் இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம். 16 மில்லி துளையை அப்படியே விடாமல், 6 டிகிரி கூம்பாகத் துருவும் ரீமரால் கையாலேயே திருகி விரிவாக்கினேன். காலின் தலையையும் அதே கூம்பாகச் சீவிக்கொண்டேன். உட்கார உட்கார எடை காலைத் துளைக்குள் இன்னும் இறுக்கும், இது ஒரு லாபம். இன்னொரு லாபம், தப்பைத் திருத்த வாய்ப்பு. நாலைந்து சுற்றுக்கு ஒரு தடவை காலைச் செருகி, பெவல் கேஜை வைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் பிசகியிருக்கிறதோ அதற்கு எதிராக ரீமரை லேசாக அழுத்தித் திருகினால் கால் மெதுவாகத் திரும்பி வருகிறது. பின்வலது கால் ஒன்றரை டிகிரி போல அதிகம் சாய்ந்திருந்தது. இந்த நீளத்தில் ஒரு டிகிரி பிசகினாலே நுனியில் 8 மில்லி காட்டும். பதினைந்து நிமிடத்தில் அதை வழிக்குக் கொண்டுவந்தேன். ஆனால் அளவு மீறித் துருவினால் கால் உள்ளே இறங்கிக்கொண்டே போகும். அதற்காகவே கால்களை 40 மில்லி நீளமாக விட்டிருந்தேன்.

ஆப்பு அடிக்கும்போது திசை முக்கியம். காலின் தலையில் ரம்பத்தால் கீறிய பிளவு, இருக்கை மரத்தின் ரேகைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். ரேகையோடு சேர்ந்து ஓடினால் ஆப்பு பலகையையே பிளந்துவிடும். இதை முதல் சோதனைப் பலகையில் வேண்டுமென்றே செய்து பார்த்தேன். மூன்றாவது அடியிலேயே டப்பென்று பிளந்தது. எப்படியும் வீணான பலகைதானே.

பசை காய்ந்ததும் சமதளமான பலகை மேல் நிறுத்தி, குட்டையான காலுக்கு அடியில் துண்டு கொடுத்து, ரசமட்டத்தை இருக்கை மேல் வைத்து இடவலம் சரிசெய்தேன். பின்பக்கம் மட்டும் 10 மில்லி தாழ்வு. ஒரு கட்டை மேல் பென்சிலைப் படுக்க வைத்து, அதை நான்கு காலையும் சுற்றி நகர்த்தி ஒரே உயரத்தில் கோடு போட்டு ரம்பத்தால் அறுத்தேன். ஆடவில்லை. எதிரெதிர்க் கால்நுனிகளுக்கு இடையே குறுக்களவு எடுத்தால் இரண்டுக்கும் 6 மில்லி வித்தியாசம். முன்வலது கால்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

இனி முதுகுக் குச்சிகள். அவற்றுக்கும் பார்வைக் கோடுதான், ஆனால் இந்த முறை பலகையின் மேல்பக்கத்தில். ஏழு குச்சி, ஏழு கோடு. பென்சிலால் வரைந்து அம்புக்குறியும் போட்டாயிற்று. டிரில்லை இன்னும் கையில் எடுக்கவில்லை.