சீதையம்மாவிடம் சொல்லிவிட்டு இறம்பொடைக்கு

புதுப் பைக் வீட்டுக்கு வந்த பிறகும் எட்டு நாள் நான் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில்தான் போனேன். வண்டி தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு இஸ்தோப்பில், அதுதான் முன் விறாந்தையில், நீலப் படங்கு போர்த்திக்கொண்டு நின்றது. பக்கத்துக் காம்பராப் பெரியவர் தினமும் காலையில், "என்ன மாஸ்டர், வண்டிக்குக் காய்ச்சலா?" என்று கேட்பார். சிரித்துவிட்டுப் போவேன். வேறென்ன செய்வது, அம்மாவின் நேர்த்தி அப்படி. இறம்பொடை ஆஞ்சநேயர் பார்க்கிற வரைக்கும் அந்த வண்டியில் நான் எங்கேயும் போகக் கூடாது. தலவாக்கலையில் எடுத்து வீடு வரைக்கும் ஓட்டி வந்த தூரத்துக்கு மட்டும், "இதைக் கணக்குல வச்சுக்காதய்யா" என்று அவரிடமே அனுமதி வாங்கியிருந்தார் அம்மா.

நேர்த்தி வைத்தது 2019இல். கூட்டாளியின் பைக்கில் கண்டியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். லபுக்கலைக்குக் கிட்ட ஒரு வளைவு, நல்ல பனிமூட்டம், ஈரத் தார். எப்படி விழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. வலது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்துவிட்டது. பின்னால் வந்த வேன்காரர்கள்தான் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அவர்கள் இறம்பொடைக் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்தவர்கள். வேனில் இருந்த ஒரு அம்மா நான் வலியில் கத்துவதைப் பார்த்து, கையிலிருந்த செந்தூரத்தை என் நெற்றியில் பூசிவிட்டாராம். அம்மா வார்டுக்குள் ஓடி வந்ததும் முதலில் கண்டது கட்டுப் போட்ட காலை அல்ல, நெற்றிச் செந்தூரத்தைத்தான். "அவரே தூக்கிக்கிட்டு வந்திருக்காரு" என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் ஆறு வருடம் எங்கள் வீட்டில் பைக் என்ற பேச்சே கிடையாது. பேச்சு இருந்தாலும் வாங்கியிருக்க முடியாது என்பது வேறு விஷயம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், பழைய வண்டிகளே யானை விலை போயின. 2022இல் கியூஆர் கோட்டைக் காட்டி வாரத்துக்கு நாலு லீட்டர் பெற்றோலுக்கு வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, நல்ல காலம் நமக்கு வண்டி இல்லை என்று நானே சொல்லியிருக்கிறேன். பிறகு எனக்கு வேறு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்தது. 14 கிலோமீட்டர், காலையில் ஒரே ஒரு பஸ். அதுவும் வந்தால்தான் வந்தது. பிந்திப் போய்ப் பிள்ளைகள் முன்னால் நிற்கிற வெட்கத்தை ஒருநாள் சாப்பிடும்போது வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். முப்பத்தொரு வருடம் செக்ரோலில், தோட்டத்து வேலைப் பதிவேட்டில், பெயர் இருந்த காசு. "முற்பணத்துக்குப் போதும்ல?" என்றார். மிச்சம் லீசிங். இறக்குமதி மறுபடி திறந்திருந்த 2025இல், கறுப்பில் சிவப்புக் கோடு போட்ட ஒரு 125 சிசி பஜாஜ் வந்து சேர்ந்தது.

பௌர்ணமிப் போயா அன்றைக்குத்தான் லீவு என்பதால் அந்த நாளைக் குறித்தோம். கூட்டம் நெரியும் என்று தெரியும், சரி, வேறு வழியில்லை. முதல் நாள் ராத்திரி அம்மா 108 வெற்றிலைக்கு மாலை கட்டினார். எங்கே முதலில் போவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. "அசோகவனத்துல பூ இல்லாம வெத்திலையைத்தானே மாலையாப் போட்டு ஆசீர்வாதம் பண்ணினா சீதையம்மா? அப்ப மாலையை முதல்ல அவகிட்ட காட்டிட்டுத்தான் அவருகிட்ட கொண்டு போகணும்." இறம்பொடையும் சீதையம்மா கோயில் இருக்கிற சீதா எலியவும் நுவரெலியாவிலிருந்து எதிரெதிர்த் திசை. எரிபொருள் கணக்கெல்லாம் அம்மாவிடம் எடுபடாது.

விடியக் காலை ஐந்து மணிக்குத் தோட்டத்து மாரியம்மனுக்கு ஒரு கற்பூரம் காட்டிவிட்டுக் கிளம்பினோம். அம்மா வாழ்க்கையில் முதல்முறையாகச் சுடிதார் போட்டிருந்தார், தங்கச்சியுடையது. அவர் ஹெல்மட்டுக்குள் கொண்டை அடங்காமல் தங்கச்சி கால்மணி நேரம் போராடினாள். வெற்றிலை மாலையை ஈரத்துணியில் சுற்றி, வாழையிலைக்குள் வைத்து, ஒரு சீலைப் பைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டார் அம்மா. வண்டி நகர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது, அவர் என்னைப் பிடித்துக்கொள்ளப் போவதில்லை. இரண்டு கையும் மாலைக்கு.

"அம்மா, என்னைப் பிடிச்சுக்குங்க."

"பிடிச்சா மாலை நசுங்கும். நீ மெதுவாப் போ."

மெதுவாகத்தான் போனேன். புது எஞ்சின், முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு விரட்டக் கூடாது என்று சொல்லித்தான் தந்திருந்தார்கள். செங்குத்தான ரதெல்ல குறுக்கு வழியை நான் வாயில்கூட எடுக்கவில்லை. நானுஓயா ஏற்றத்தில் மூன்றாம் கியரில் வண்டி முனகியது, எங்களுக்குப் பின்னால் ஒரு மரக்கறி லொறி ஹோர்ன் அடித்தே உயிரை வாங்கியது. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், காலை ஆறரைக் குளிரில் என் விரல் கிளச்சில் ஒட்டிக்கொண்டது. ஒரு பிளேன்டீ குடிக்கலாமா என்றேன். சீதையம்மாவைப் பார்க்காமல் பச்சைத் தண்ணி பல்லில் படக் கூடாது என்று பதில் வந்தது.

சீதா எலியவில் நாங்கள் போன நேரத்துக்கே இந்தியாவிலிருந்து வந்த யாத்திரிகர்கள் இரண்டு பெரிய பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆற்றங்கரைப் பாறையில் அனுமார் பாதத்தைக் கும்பிட விடாமல் ஆளாளுக்குக் கைபேசியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் அம்மாவிடமே, "கொஞ்சம் நகருங்கள்" என்று சைகை காட்டினார். எனக்குக் கோபம் வந்தது, அம்மாவுக்கு வரவில்லை. அவருடைய கவலையெல்லாம் சுடிதாரைப் பற்றித்தான், காற்சட்டை போட்டுக்கொண்டு எப்படித் தாயார் முன்னால் நிற்பது என்று. வரிசையில் முன்னால் நின்ற வடநாட்டுப் பாட்டிகள் எல்லாரும் அதே உடுப்பில் இருந்ததைக் கண்ட பிறகு கொஞ்சம் நிம்மதியானார். 2024 மே மாதக் கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியிலிருந்து சரயுத் தண்ணீர் வந்தபோது வர முடியாமல் போனது அவருக்குப் பெரிய குறை. சந்நிதியில் பையைத் திறந்து மாலையைக் காட்டினார். "கொண்டு போறேன்மா" என்று மட்டும் சொன்னார், ஏதோ பக்கத்துத் தோட்டத்து மருமகளிடம் சொல்வது மாதிரி.

அப்புறம்தான் பாதை. நுவரெலியாவைத் தாண்டி லபுக்கலைப் பக்கம் இறங்கத் தொடங்கியதும் மூட்டம் வந்து மூடியது. பத்தடிக்கு முன்னால் என்ன என்று தெரியவில்லை. இந்தக் கண்டி வீதியின் பெயரைச் சொன்னாலே அம்மா கையெடுத்துக் கும்பிடுவார். அந்த வருடம் மே மாதம்தான் கதிர்காமத்திலிருந்து வந்த பஸ் இதே வீதியில், இறம்பொடைக்கும் அங்கால், கெரண்டி எல்லவில் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாம் கியரிலேயே வண்டியைப் பிடித்து இறக்கினேன். என் வலது கால் மட்டும் பிரேக் பெடலில் தந்தியடித்துக்கொண்டிருந்தது. அந்த வளைவு வரப் போகிறது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

வளைவுக்கு வந்தோம். எதிரே ஒரு பஸ், எங்கள் பக்கத்துக்கே வந்து, வெளிச்சத்தை முகத்தில் அடித்தபடி ஏறி வந்தது. நான் ஓரத்துக்கு ஒடித்துப் பிரேக் பிடித்தேன். வண்டி தேயிலைச் சரிவின் விளிம்போடு நின்றது. பஸ் போய்விட்டது. அப்போதுதான் கவனித்தேன், அம்மாவின் இரண்டு கையும் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தன. கொழுந்து பறித்துப் பறித்துக் கறைபிடித்த விரல்கள். மாலைப் பை எங்கள் இருவருக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது.

"அம்மா, பயந்துட்டீங்களா?"

"இதான் அந்த இடமா?" என்று கேட்டார். நான் அவருக்கு இந்த இடத்தைக் காட்டியதே கிடையாது.

அதற்குப் பிறகு கையை எடுக்கவில்லை.

இறம்பொடை வளைவுகளில் பூக்காரப் பையன்கள். ஒரு வளைவில் பூவை நீட்டுவார்கள், வாங்காமல் போனால் குறுக்குப் படியால் ஓடி அடுத்த வளைவில் மூச்சு வாங்க நிற்பார்கள், அதற்கடுத்த வளைவிலும் அவர்களே. வேனில் போகிறவர்களுக்கு இது வேடிக்கை. எனக்கு மாஸ்டர் புத்தி போகாது, "ஸ்கூலுக்குப் போகலையா?" என்று கேட்டுவைத்தேன். "இன்னைக்குப் போயா சேர்!" என்றான் ஒருவன். நல்ல அடி. அம்மா அவனிடம் இரண்டு கட்டு வாங்கினார், விலை பேசவில்லை. சுரங்கப் பாதைக்குள் நுழைந்ததும் அம்மா பின்னால் "ராம் ராம்" என்று சொல்லத் தொடங்கினார். 225 மீட்டரும் அந்தச் சத்தம் எதிரொலித்தது.

கோயிலுக்குத் திரும்புகிற இடத்துக்கு முன்னாலேயே வீதியோரத்தில் ஒரு ஆள் வண்டியை மறித்தார். வாகன பூஜைச் சாமான் முழு செட்டாக இருக்கிறதாம், தேங்காய், எலுமிச்சம்பழம், வண்டிக்கு மாலை, 1500 ரூபா. "புது வண்டி, கஞ்சத்தனம் பண்ணாதீங்க" என்று வேறு. அம்மா பைக்குள்ளிருந்து எங்கள் வீட்டு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் காட்டினார். அந்த ஆள் வேறு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். மேலே போனால் வாகனங்கள் மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றரை மணி நேரம் வரிசை. பிள்ளைகள் அழுகிறார்கள், ஒருவர் முதுகில் இன்னொருவர் மூச்சு. கீழே கொத்மலை நீர்த்தேக்கம் மூட்டம் விலகும்போதெல்லாம் வெள்ளித் தட்டு மாதிரி தெரிந்து மறைந்தது, அதை ரசிக்கிற நிலையில் நான் இல்லை. அம்மா பையைப் பிரித்து வெற்றிலைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏழு இலை கிழிந்துவிட்டது.

"நூத்தியொண்ணு இருக்குடா. அதுவும் நல்ல கணக்குத்தான்."

உள்ளே போனோம். பதினெட்டடி ஆஞ்சநேயர். எத்தனையோ முறை வந்திருக்கிறேன், ஆனால் அன்றைக்கு நிமிர்ந்து பார்த்ததும் தொண்டை அடைத்துவிட்டது. ஐயர் மாலையை வாங்கிக்கொண்டு போனார். கிழிந்த பக்கம் உள்ளே போய்விட்டது, வெளியே பச்சை மட்டும்தான் தெரிந்தது. தீபாராதனை வெளிச்சத்தில் அம்மா வாய் மூடாமல் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். மந்திரமல்ல, தெரிந்தவரோடு கணக்குத் தீர்க்கிற பேச்சு. "சொன்ன மாதிரியே கூட்டிட்டு வந்துட்டேன், பாத்துக்கிட்டீங்களா" என்றது மட்டும் காதில் விழுந்தது.

பிறகு இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் முடிச்சை எடுத்தார். நேர்த்திக்காசு முடிந்து வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். முடிச்சை அவிழ்த்தபோது ஒரு ஐந்து ரூபாக் காசும், கூடவே மஞ்சள் பூசின இரண்டு ஸ்குரூவும் இருந்தன. எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. என் காலில் போட்டிருந்தவை. இரண்டாவது ஒபரேஷனில் தகட்டைக் கழற்றியபோது ஒரு குப்பியில் போட்டுத் தந்தார்கள், எங்கேயோ வீசியாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். அத்தனை வருடமும் சாமிப்படத்துக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

"இதை எதுக்கும்மா உண்டியல்ல..."

"அவரு குடுத்ததுதானே. அவருகிட்டயே இருக்கட்டும். இனி நம்மகிட்ட வேணாம்."

காசு விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. ஆஞ்சநேயா, என்ன சொல்வது. பின்னால் தள்ளினார்கள், நகரச் சொன்னார்கள், நான் நகரவில்லை, அழுதுகொண்டு நின்றேன். முப்பது வயது தாண்டிய மாஸ்டர் அப்படி நின்றதை என் மாணவர்கள் யாரும் பார்க்காமல் இருந்தது அவர் அருள்தான். எந்தப் பூஜை எந்த வரிசையில் நடந்தது, யார் பிரசாதம் தந்தது, ஒன்றும் ஒழுங்காக நினைவில்லை. வண்டிக்குச் செந்தூரம் வைத்தார்கள், எலுமிச்சம்பழம் சக்கரத்தின் கீழ் நசுங்கியது, தேங்காய் ஒரே அடியில் இரண்டாக உடைந்தது. அம்மா ஐயரிடம் கேட்டு வாங்கின செந்தூரத்தை ஹெல்மட்டைக் கழற்றச் சொல்லி என் நெற்றியில் வைத்தார். அதே இடத்தில்.

திரும்பும்போது நாலு மணி தாண்டிவிட்டது. ஏற்றத்தில் அந்த வளைவுக்குக் கிட்ட வந்ததும் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். இறங்கி, சரிவோரத்தில் மீதியிருந்த பூக்கட்டை வைத்தார். கொஞ்ச நேரம் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். நான் எஞ்சினை நிறுத்தாமல் நின்றேன். திரும்பி வந்து ஏறி, இம்முறை கேட்காமலே இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

நான் முப்பதில்தான் போய்க்கொண்டிருந்தேன். நுவரெலியா வெளிச்சம் தெரியத் தொடங்கியபோது ஹெல்மட்டில் தட்டினார்.

"என்னடா இது, மாட்டு வண்டியா? இருட்டுது, கொஞ்சம் வெரசாப் போ."