அப்பா நல்லாத்தான் இருக்கிறார்: ஒரு கடைப் பலகையை நாலு தடவை வைத்த கதை

உடுமலையிலிருந்து தாராபுரம் போகும் சாலையில் எங்களுக்கு மரச்செக்கு எண்ணெய்க் கடை. வாகை மரச் செக்கு, மோட்டாரில் ஓடுகிறது. தேங்காய், கடலை, எள் மூன்றும் ஆட்டுகிறோம். எண்ணெயில் ஒரு குறையும் கிடையாது. சாலையில் போகிறவர்களுக்கு அங்கே ஒரு கடை இருப்பதைத் தெரியவைக்கத்தான் பதினாலு மாதமும் நாலு பலகையும் ஆயிற்று. செலவுக் கணக்கை வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

முதல் பலகை பத்துக்கு ஆறு ஃபிளெக்ஸ். சதுர அடி பதினைந்து ரூபாய், அறுபது சதுர அடிக்குத் தொள்ளாயிரம். இரும்புச் சட்டம் தனியாக ஏழாயிரத்து ஐந்நூறு. இவ்வளவு பெரிய இடத்துக்குக் காசு கொடுத்தாயிற்று, சும்மா விடலாமா என்று நினைத்தேன். மேலே பிள்ளையார், கீழே தென்னந்தோப்பு, அதன்மேல் தங்க நிறத்தில் நிழல் விட்ட எழுத்து, கடலை, எள்ளு, கருப்பட்டி, மூன்று போன் நம்பர், ‘பாரம்பரியம்’, ‘கலப்படமற்றது’. வலது மூலையில் முட்டை வடிவத்துக்குள் அப்பா படம். அந்த இடத்தில் செக்குப் போட்டவர் அவர்தான், மரியாதைக்காக வைத்தேன்.

பலகை ஏறிப் பத்து நாள் இருக்கும். மொபெட்டில் வந்த ஒருவர் வண்டியை ஓரங்கட்டி, தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். கல்லாவில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க, பெரியவர் எப்பத் தவறுனாருங்க?”

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரிடம், “அது நானுங்க” என்றார்.

படம் இருபது வருஷத்துக்கு முந்தியது, அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம்ம ஊரில் சாலையோர ஃபிளெக்ஸில் முட்டை வடிவத்துக்குள் பெரியவர் படம் இருந்தால் அது கண்ணீர் அஞ்சலி. சின்னப் பிள்ளை படம் இருந்தால் காதணி விழா. ஓடும் வண்டியில் இருப்பவன் எழுத்தைப் படிப்பதே இல்லை. ஜாடையைப் பார்த்து இது இன்ன வகை என்று முடிவு கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். எண்ணெய் வாங்க வருவதற்கு முன்னால் துக்கம் கேட்க இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஆளுக்கு அரை லிட்டர் வாங்கிப் போனார்கள் என்பது வேறு விஷயம்.

அதோடு எழுத்துப் பிழை. நான் வாட்ஸப்பில் யுனிகோடில் தட்டி அனுப்பியதை டிசைன் போடும் தம்பி கோரல்டிராவில் ஒட்டியிருக்கிறார். அவரிடம் இருந்ததோ யுனிகோடு புரியாத பழைய கால எழுத்துரு. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் சிதற, அவரே திரும்பத் தட்டச்சுச் செய்திருக்கிறார். ‘மரசெக்கு எண்னெய்’ என்று வந்தது. நான் பஸ்ஸில் நின்றுகொண்டு மாதிரியைப் பார்த்து ‘ஓகே’ அனுப்பியவன். கடையில் போய்ச் சண்டை போட்டபோது அந்த ‘ஓகே’யைத்தான் நீட்டினார்கள். அதை அனுப்பிவிட்டால் பிழை நம்முடையது, காசும் நம்முடையது. மாதிரி வந்ததும் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்குப் பின்னோக்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள். முன்னோக்கிப் படித்தால் கண் தானாகத் திருத்திக்கொண்டு போய்விடுகிறது.

இரண்டாவது பலகையில் பிழை இல்லை, அப்பாவும் இல்லை. கண்ணில் படட்டும் என்று தார் ஓரத்துக்கே கொண்டுபோய் நட்டேன். மூன்று வாரம் நின்றது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் சட்டத்தோடு பிடுங்கிப் பள்ளத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். ரோட்டு இடமாம்.

சரி, முறையாகவே கேட்டு வைப்போம் என்று கிளம்பினேன். முதலில் போன இடத்தில், “ரோட்டோரமுன்னா எங்க கையில இல்லீங்க” என்றார்கள். அடுத்த இடத்தில் அதிகாரி வெளியே போயிருக்கிறார், வியாழக்கிழமை வாருங்கள். வியாழக்கிழமை செக்கை நிறுத்திவிட்டுப் போனேன். அதிகாரி இருந்தார். முதல் கேள்வியே, “அது உங்க இடமா, ரோட்டு இடமா?” என்னிடம் பதில் இல்லை. பட்டா நகல் கையில் இருந்தது, ஆனால் அளவு காட்டும் வரைபடம் இல்லை. அதற்கு ஒரு நடை. இணையத்தில் எடுத்துக்கொண்டு போனால், இடத்தில் எல்லைக்கல்லைக் காணோம், அளந்து காட்டினால்தான் சொல்ல முடியும் என்றார்கள். ஆக நாலு நாள், நாலு தடவை செக்கு நிறுத்தம். ‘வரும்போதே வரைபடமும் அளவும் கொண்டு வாங்க’ என்று முதல் இடத்தில் யாராவது ஒருவர் வாய்திறந்திருந்தால் ஒரே நடையில் முடிந்திருக்கும்.

அளந்து பார்த்தபோது, எங்கள் எல்லை நான் நினைத்துக்கொண்டிருந்ததைவிடப் பதினோரு அடி உள்ளே தள்ளி இருந்தது. வாசலில் நிற்கும் புளியமரங்களும் சாலையைச் சேர்ந்தவை. அவற்றில் ஆணி அடிக்கவோ, மின்கம்பத்தில் கட்டவோ கூடாது. ஆகவே குழி தோண்டுவதற்கு முன்னால் எல்லையை அளந்துகொள்ளுங்கள். டிசைன், வண்ணம் எல்லாம் அதற்குப் பிறகு.

மூன்றாவது தடவை எல்லைக்கு உள்ளேயே நட்டேன். இப்போது புளியமரம் முக்கால் பலகையை மறைத்தது. இலை உதிரும்போது தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்குள் ஆடி வந்துவிட்டது.

எங்கள் பக்கத்துக் காற்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே இருந்து நேராக வரும். சுற்றிலும் அத்தனை காற்றாலை நிற்பது சும்மா இல்லை. எங்கள் சாலை வடகிழக்காகப் போகிறது. வண்டியில் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும் என்று பலகையைச் சாலைக்குக் குறுக்காக வைத்தால், அதன் முகம் கிட்டத்தட்ட காற்றுக்கு நேர் எதிரே நிற்கும். அறுபது சதுர அடித் துணி, ஒன்றரை அடிக் குழி, சுற்றிக் கல்லும் மண்ணும். வெல்டிங்காரர் ஃபிளெக்ஸில் பிறை பிறையாகக் கிழித்துவிட்டு, “காத்து இப்படிப் போயிருமுங்க” என்றார். பிறைகள் அத்தனையும் சேர்ந்து ஒரே கிழிசலாகி, ஒரு சாயங்காலம் பலகை சட்டத்தோடு சாலைப் பக்கம் விழுந்தது.

அந்த நேரம் சாலையில் யாரும் இல்லை. இருந்தாலும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 2019இல் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஸ்கூட்டரில் போன பெண் இறந்துபோனார். 2023 ஜூனில், எங்களுக்கு அதிக தூரமில்லாத கருமத்தம்பட்டியில் விளம்பரப் பலகைச் சட்டம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். இரண்டையும் செய்தியாகப் படித்து உச்சுக்கொட்டியவன்தான் நானும். ஒன்றரை அடிக் குழி தோண்டச் சொன்னதும் நானேதான், அரை நாள் கூலி மிச்சம் என்று.

நாலாவதுக்கு முன்னால் ஒரு மாதம் சும்மா இருந்தேன். கிழிந்த ஃபிளெக்ஸைத் திருப்பிப் போட்டு, பின்பக்க வெள்ளையில் கறுப்புப் பெயின்ட்டால் ‘க’ எழுதினேன்: ஆறு அங்குலம், எட்டு, பன்னிரண்டு. அதைத் தென்னை மரத்தில் கட்டிவிட்டு, என் தம்பியை வண்டி ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அறுபதில் போனால் வண்டி விநாடிக்குப் பதினேழு மீட்டர் கடக்கிறது. முந்நூறு அடியில் பலகை கண்ணில் பட்டால் கையில் இருப்பது ஐந்து விநாடி. அதற்குள் படித்து, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு, வேகம் குறைத்து, ஓரம் கட்ட வேண்டும். ஆறு அங்குல எழுத்து கண்ணுக்குப் பிடிபட்டபோது நாங்கள் கடையைத் தாண்டப் போகிறோம். பன்னிரண்டுதான் தேறியது.

பலகைத் தொழிலில் ஒரு கணக்குச் சொல்வார்கள்: ஒரு அங்குல எழுத்து பத்தடிக்குச் சுகமாகத் தெரியும், முப்பதடி வரை எட்டிப் பிடிக்கலாம். அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குப் போட்ட கணக்கு. தமிழில் மேலே புள்ளி, சுழி, கீழே உகரத்தின் வால் எல்லாம் உயரத்தைத் தின்றுவிடும். ‘பன்னிரண்டு அங்குலம்’ என்று மொட்டையாகச் சொன்னால், வாலிலிருந்து புள்ளி வரை அளந்து பன்னிரண்டு என்பார்கள். ‘க’வின் உடம்பு பன்னிரண்டு என்று சொல்லிவிடுங்கள்.

அகலமும் அப்படித்தான். ‘எண்ணெய்’ என்பதை எழுதிப் பாருங்கள், மூன்று சுழி ணகரம் இரண்டு தடவை, நடுவில் கொம்பு. ஒரு அடி உயரத்தில் எழுதினால் அந்த ஒரு சொல்லே ஆறரை அடி ஓடுகிறது. எட்டடிப் பலகையில் அதோடு வேறு எதுவும் நிற்காது. போன் நம்பர் போயிற்று. (அறுபதில் போகிறவன் யார் பத்து இலக்கத்தைக் குறித்துக்கொள்கிறான்?) பிள்ளையார் கடைக்குள் போனார். கடலையும் எள்ளும் போயின. ‘கோல்டு பிரஸ்டு ஆயில்’ என்று ஆங்கிலத்தில் பெரிதாகப் போடச் சொன்ன சித்தப்பா மகனிடம், கடைப் பெயர்ப் பலகைக்கு விதியே இருக்கிறது, தமிழ் முதலில், ஆங்கிலம் அதன் பின், பிற மொழி கடைசியில், ஐந்துக்கு மூன்றுக்கு இரண்டு என்ற அளவில் என்றேன். அந்த விதியால் எனக்கு நடந்த ஒரே நன்மை அது.

மிஞ்சியது ‘மரச்செக்கு எண்ணெய்’. ‘மரச்செக்கு’ ஒரு வரியில் அடங்கவில்லை. ‘மர’வை எடுத்துவிடலாம் என்றேன்.

“மரம்னு போடாம எப்படிரா கண்ணு? கல்லுச் செக்கு இருக்குது, இரும்பு இருக்குது. நம்முளுது மரமல்லோ?” என்றார் அப்பா.

இரண்டு நாள் பேச்சு நடந்தது. கடைசியில் கடை முகப்பில் முழுசாக, சாலைப் பலகையில் ‘செக்கு எண்ணெய்’ மட்டும் என்று முடிவாயிற்று. முடிவு செய்தவன் நான். அவர் ஒத்துக்கொண்டதாக ஞாபகம் இல்லை.

டிசைன் போனில் வந்தபோது இந்த முறை கையில் வைத்துப் பார்க்கவில்லை. எட்டடிப் பலகை முந்நூறு அடியில் எவ்வளவு தெரியுமோ, போனை நெட்டாகப் பிடித்தால் வரும் படம் எட்டரை அடியில் அவ்வளவே தெரியும். போனை அலமாரியில் சாத்திவிட்டு, எட்டரை அடி பின்னால் போய் நின்று, அம்மாவைக் கூப்பிட்டு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அம்மாவுக்குக் கண்ணாடி பழசு. இரண்டு டிசைன் அங்கேயே விழுந்துவிட்டன. மஞ்சளில் கறுப்பு, நிழல் இல்லாமல், சுற்றிலும் காலி இடத்தோடு இருந்தது மட்டும் தேறியது. காலி இடத்தைப் பார்த்தவுடன் டிசைனர் தம்பிக்குக் கை அரிக்கும், ஒரு தேங்காயாவது வைப்பார். விடாதீர்கள்.

இடத்துக்கும் வழி கிடைத்தது. உடுமலைப் பக்கமிருந்து வரும்போது எங்கள் கடைக்கு இருநூறு மீட்டர் முன்னால், இடது கையில் ஒரு தோப்பு. அங்கே புளியமரத்துக்கு இடையில் நல்ல இடைவெளி. தோட்டத்துக்காரர் வாடகை வேண்டாம் என்றார், வருஷத்துக்குப் பத்து லிட்டர் தேங்காய் எண்ணெய் என்று பேசிக்கொண்டோம். அவர் எல்லையையும் அளந்த பிறகுதான் குழி தோண்டினேன். நாலடி ஆழம், கான்கிரீட், மூன்று அங்குலக் குழாய், பின்னால் முட்டு, ஃபிளெக்ஸுக்குப் பதில் தகரத்தில் பெயின்ட். எட்டுக்கு ஐந்து. அடியில் அம்புக்குறி, ‘200 மீ’. வேறொன்றும் இல்லை. இந்த ஆடியில் அசையவில்லை.

வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு கார் நின்றது. இறங்கியவர் பலகையைப் பார்த்துத்தான் வந்தேன் என்றார். நான் தம்பி தோளைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் கல்லாவைப் பார்த்துக் கேட்டார்:

“ஏனுங்க, இது மரச்செக்கா, இரும்புச் செக்கா?”

அப்பா அவருக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், என்னைத்தான் பார்த்தார்.