செவ்வாய், காலை ஆறரை
அம்மாவின் சர்க்கரைப் பரிசோதனையை நான்கு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். அக்கறை இல்லாமல் இல்லை. நாள் குறிக்கவில்லை, அவ்வளவுதான். ஞாயிறு இரவு நாள்காட்டித் தாளில் எழுதினேன்: ‘செவ்வாய், காலை ஆறரை. வெறும் வயிறு. பால் பாக்கெட்டை உள்ளே வைத்ததும் கிளம்ப வேண்டும்.’

இன்று பாலை வைத்த கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார் அம்மா!

2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று நினைவுக்கு வருகிறது. ஃப்ளூ தடுப்பூசிக்கான அழைப்புக் கடிதத்தில், வரப்போகும் தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும்படி சில ஊழியர்களைக் கேட்டார்கள். கேட்கப்படாதவர்களில் 33 சதவீதம் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள், கேட்கப்பட்டவர்களில் 37. தேதியை மட்டும் குறிக்கும்படி கேட்கப்பட்டவர்களிடம் இவ்வளவு வித்தியாசம் இல்லை. எனக்கு அந்த நேரம்தான் முக்கியமாகப் படுகிறது.

அடுத்து அப்பாவின் கண் பரிசோதனை. வியாழன் மாலை ஐந்து மணி, தேநீர் குடித்து முடித்ததும்.