ஸ்விஃப்ட்டில் பிளக் மாற்றம்: மூன்று வந்தது, நான்காவது பிடிவாதம்

மூன்று ஸ்பார்க் பிளக் மாற்றியாயிற்று. நான்காவது சிலிண்டரில் இருப்பது மட்டும் கால் சுற்று வந்து அப்படியே இறுகிவிட்டது. இப்போதைக்கு அதைத் திரும்ப உள்ளே முறுக்கி வைத்திருக்கிறேன். வண்டி 2014 மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல், கே12எம் எஞ்சின்.

வெளியே வந்த மூன்றையும் பார்த்தால் எஞ்சின் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பீங்கான் முனை இளம்பழுப்பாக இருக்கிறது, எண்ணெய்ப் பசை கிடையாது. ஆனால் நடு எலெக்ட்ரோடின் விளிம்பு மழுங்கிப்போய், எலெக்ட்ரோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் 1.3 மி.மீ. காட்டுகிறது. இருக்க வேண்டியது 1.0. என்ஜிகே நிறுவனத்தின் கேஆர்6ஏ-10 என்ற பிளக் எண்ணில் கடைசியில் வரும் பத்து அந்த இடைவெளியைத்தான் சொல்கிறது. மூன்றாவது கியரில் மேடு ஏறும்போது வந்த லேசான வெட்டுக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இடைவெளி கூடினால் பொறி தாண்ட வோல்டேஜும் கூட வேண்டும். அந்தப் பாரமெல்லாம் அந்த வோல்டேஜைத் தரும் காயில் தலையில்தான் விழும், காயில் விலையோ பிளக் விலையைப் போலப் பல மடங்கு.

சரி, நான்காவது. முன்பு மாற்றியவர் கைபலம் முழுவதையும் காட்டியிருக்கிறார். வந்த மூன்றிலுமே வாஷர் சப்பையாக நசுங்கிக் கிடந்தது. இந்த மாதிரி நேரத்தில் ராட்செட் ஸ்பானரின் பிடியில் பைப்பைச் செருகி இழுப்பது பல பட்டறைகளில் வழக்கம். பிளக் வரும்தான், கூடவே அலுமினிய ஹெட்டின் (சிலிண்டர்களின் மேல்மூடி) மரையும் உரிந்து வரும். அப்புறம் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை போட வேண்டும், சில சமயம் ஹெட்டையே இறக்க வேண்டும். அந்த வழிக்கு நான் போகப்போவதில்லை.

டயருக்குக் காற்றடிக்கும் பம்பால் பிளக் உட்காரும் குழிக்குள் இருந்த மண்ணை முதலில் ஊதினேன். பிளக் வாய் திறந்த பிறகு ஊதினால் அத்தனையும் சிலிண்டருக்குள் போய்விடும். பிறகு துரு இளக்கும் எண்ணெயைச் சில சொட்டு மட்டும் விட்டு இரவு முழுக்க ஊறவிட்டேன். காலையில் கொஞ்சம் வெளியே, உடனே கொஞ்சம் உள்ளே என்று மாற்றி மாற்றித் திருப்பினேன். மரையில் ஒட்டிய கரி இப்படித்தான் பொடிந்து விலகும். ஆனால் கால் சுற்றைத் தாண்டும்போது உலோகம் உரசும் கிரீச் சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் நிறுத்திவிட வேண்டும், மறுபேச்சே இல்லை.

அடுத்து வெதுவெதுப்பில் முயலப்போகிறேன். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பதால் பிடி கொஞ்சம் தளரும். அதற்காகக் கொதிக்கிற எஞ்சினில் கை வைக்கக் கூடாது, சூடான அலுமினிய மரை சீக்கிரம் அடிபடும். ஹெட்டில் கையை வைத்தால் தாங்குகிற சூடு போதும். அதற்கு முன்னால் குழியில் தேங்கிய எண்ணெயைக் குச்சியில் துணி சுற்றித் துடைத்தாக வேண்டும். காயிலின் ரப்பர் குழாயை எண்ணெய் கெடுத்துவிடும்.

புதியதை உள்ளே விடுவதில் எனக்குப் பிடித்த கருவி ஒரு முழப் பெட்ரோல் ஹோஸ். பீங்கான் தலையில் அதை மாட்டி, விரல் நுனியால் திருப்பிக்கொண்டே இறக்குவேன். முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்பினால் மரை ‘டக்’ என்று உட்காருவது கைக்குத் தெரியும். அதன் பிறகு வலப்பக்கம். மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் தானாக வழுக்கும், பலம் கொடுக்க வழியே இல்லை. சாக்கெட்டும் நீண்ட எக்ஸ்டென்ஷனும் போட்டு ஆரம்பித்தால் இந்த உணர்வு கிடைக்காது. மூன்றும் வெண்ணெயில் கத்தி போல இறங்கின.

சாக்கெட் 16 மி.மீ., காந்தம் வைத்தது. சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கினேன். உள்ளே ரப்பர் வைத்தது மலிவுதான், ஆனால் அந்த ரப்பர் கழன்று பிளக் தலையிலேயே தங்கிவிடும். பிளக்கையும் அங்கேயே நல்ல கடையில் கையால் பார்த்து வாங்குங்கள். போலி நிறைய உலவுகிறது.

இறுக்கம் வண்டிக் கையேட்டில் சொன்ன டார்க் அளவுக்கு. டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இல்லாதவர்கள் வாஷர் தொட்டதும் அரைச் சுற்றோடு நிறுத்தலாம். மரை இறுகிப் பிடிக்காமலிருக்க ஆன்டி-சீஸ் பசை தடவச் சொல்பவர்கள் உண்டு. என்ஜிகே வேண்டாம் என்கிறது, பிளக் மரையில் ஏற்கெனவே முலாம் இருக்கிறது. வழவழப்பு கூடினால் அதே டார்க்கில் பிளக் அளவுக்கு மீறி இறுகும்.

எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யக் கிளீனரும் வாங்கி வைத்துவிட்டேன், ஐட்லிங்கில் ஒரு சின்ன நடுக்கம் இருக்கிறது. ஆனால் நான்காவது பிளக் வெளியே வந்து, பள்ளங்களில் கிரீஸ் அப்பிய, பிளக் அளவுக்கேற்ற டேப்பை (மரை சீர்செய்யும் கருவி) மரையில் மெதுவாக ஓட்டிச் சுத்தம் செய்த பிறகுதான் அதைத் தொடுவேன். வெதுவெதுப்பிலும் அசையாவிட்டால் ஹெட் வேலை தெரிந்த லேத் பட்டறைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போவேன், பைப் போட்டு இழுக்க மாட்டேன்.